பழ சோர்பெட்: கல்லாக இறுகினால், கூழாக நின்றால், நறநறத்தால் என்ன செய்வது

சோர்பெட் என்பது ஐஸ்கிரீம் போல உறையவைத்துச் சாப்பிடும் பழ இனிப்பு. அதில் பால் கிடையாது, க்ரீம் கிடையாது, முட்டை கிடையாது. பழம், சர்க்கரை, தண்ணீர், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, அவ்வளவுதான். ஐஸ்கிரீமில் மிருதுவாக வைத்திருக்கும் வேலையில் கொழுப்பு பாதியைப் பார்த்துக்கொள்ளும். இங்கே அந்த வேலை முழுக்கச் சர்க்கரையின் தலையில் விழுகிறது. அதனால் வீட்டில் செய்யும் சோர்பெட்டில் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது சர்க்கரைக் கணக்கை. அடுத்தது ஃப்ரீசரின் குளிர். மூன்றாவது வடிகட்டி.

சரியாக வராத சோர்பெட்டை யாரும் கொட்ட வேண்டாம். திரிவதற்குப் பால் இல்லை, பிரிவதற்கு முட்டை இல்லை. ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக்கி, குறையைச் சரிசெய்து, மறுபடி உறையவைக்கலாம். கீழே வரும் திருத்தங்கள் பெரும்பாலும் அப்படித்தான். சமையல் மேடையில் மணிக்கணக்கில் மறந்து கிடந்ததை மட்டும் திருத்த முயல வேண்டாம். பழச்சாறு வெயில் காலத்தில் சீக்கிரம் புளித்துவிடும்.

முதலில் அளவு

மொத்தக் கலவையின் எடையில் சர்க்கரை 25 முதல் 30 சதவீதம் இருக்க வேண்டும். 28ஐக் குறிவைப்பது நல்லது. இதில் பழத்துக்குள் இருக்கும் சர்க்கரையும் சேர்த்தி. பலர் தவறவிடுவது இதைத்தான். நன்கு பழுத்த மாம்பழத்தில் ஏறத்தாழ 16 சதவீதம், அன்னாசியில் 13, பாஷன் பழச் சாற்றில் 14, பப்பாளியிலும் கொய்யாவிலும் 10, தர்பூசணியில் 8 சதவீதம் சர்க்கரை இருக்கும். பழத்துக்குப் பழம் இரண்டு மூன்று சதவீதம் கூடும், குறையும்.

மாம்பழத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். 500 கிராம் மாம்பழ விழுதில் 80 கிராம் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது. அதோடு 130 கிராம் சர்க்கரை, 120 கிராம் தண்ணீர் சேர்த்தால் மொத்தம் 750 கிராம். சர்க்கரை 210 கிராம், அதாவது 28 சதவீதம். பிறகு ஒரு மேசைக்கரண்டி (15 மில்லி) எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும்.

மற்றப் பழங்களுக்கும் கணக்கு இதேதான். அன்னாசி என்றால் அரைத்து வடிகட்டிய 600 கிராமுக்குச் சர்க்கரை 140 கிராம், எலுமிச்சை 10 மில்லி. தண்ணீரே வேண்டாம், அதன் சாறே போதும். பப்பாளி 600 கிராமுக்குச் சர்க்கரை 150 கிராம். எலுமிச்சையைத் தாராளமாக 30 மில்லி விடுங்கள், பப்பாளி வாடைக்கு அதுதான் மருந்து. கொய்யா கெட்டியானது, ஆகவே விதை நீக்கிய விழுது 400 கிராமுக்குத் தண்ணீர் 180 கிராம், சர்க்கரை 165 கிராம், எலுமிச்சை 20 மில்லி. தர்பூசணிச் சாறு 600 கிராமுக்குச் சர்க்கரை 165 கிராம், எலுமிச்சை 20 மில்லி. கொடைக்கானல், நீலகிரிப் பக்கம் கிடைக்கும் பாஷன் பழத்தின் புளிப்பு அதிகம். விதை நீக்கிய சாறு 250 கிராமுக்குத் தண்ணீர் 300 கிராம், சர்க்கரை 190 கிராம், எலுமிச்சை தேவையில்லை.

தராசில் நிறுத்தே போடுங்கள். டம்ளர் கணக்கில் போட்டால் மாம்பழ விழுது ஒரு நாள் கெட்டியாக இருக்கும், ஒரு நாள் நீர்த்திருக்கும், கணக்கு நிற்காது.

சர்க்கரையைத் தண்ணீரில் போட்டுக் கரையும் வரை மட்டும் சூடாக்கினால் போதும். கம்பிப் பதம், பிசுக்குப் பதம் எதற்கும் போக வேண்டாம். பாகைக் காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் ஆவியாகிப் போட்ட கணக்கு மாறிவிடும். பாகு முழுக்க ஆறிய பிறகே பழத்தோடு சேருங்கள். சூட்டில் மாம்பழ மணம் பறந்துவிடும். தண்ணீர் சேர்க்காத பழங்களுக்குச் சர்க்கரையைப் பழ விழுதிலேயே போட்டு, அடியில் பரல் தட்டாமல் போகும் வரை கலக்குங்கள். பொடித்த சர்க்கரை என்றால் சீக்கிரம் கரையும்.

கரண்டி இறங்கவில்லை, கல்லாக இருக்கிறது

சர்க்கரை குறைவு. பத்தில் ஒன்பது முறை காரணம் இதுதான்.

சர்க்கரை கரைந்த தண்ணீர் முழுவதும் ஒரே நேரத்தில் உறைவதில்லை. முதலில் கொஞ்சம் தண்ணீர் பனியாகப் பிரியும், மிஞ்சிய பாகு கெட்டியாகும். குளிர் கூடக்கூட மேலும் பனி பிரியும், பாகு மேலும் கெட்டியாகும். மைனஸ் 18 டிகிரியில் 15 சதவீதச் சர்க்கரையுள்ள கலவையில் ஏறத்தாழ முக்கால் பங்கு பனியாகிவிடும். 28 சதவீதம் இருந்தால் பாதிக்குச் சற்று மேல்தான் பனி, மீதி உறையாத பாகு. அந்தப் பாகு பனித்துகள்களுக்கு நடுவே நிற்பதால்தான் கரண்டி இறங்குகிறது. "உடம்புக்கு நல்லது" என்று சர்க்கரையைப் பாதியாக்கினால் இனிப்பு மட்டும் குறையாது, சோர்பெட்டே ஐஸ் கட்டியாகிவிடும்.

திருத்தம்: உருக்குங்கள். நீங்கள் போட்ட சர்க்கரையையும் பழத்தின் சர்க்கரையையும் கூட்டிச் சதவீதம் பாருங்கள். 750 கிராம் கலவை 20 சதவீதத்தில் நிற்கிறது என்றால், ஏறத்தாழ 70 கிராம் சர்க்கரை சேர்த்தால் 27க்கு வந்துவிடும். சர்க்கரையை அப்படியே கொட்டாமல் கலவையில் ஒரு கரண்டி எடுத்து லேசாகச் சூடாக்கி அதில் கரைத்து, ஆறவைத்துச் சேருங்கள்.

இனிப்பு கூடக் கூடாது, ஆனால் மிருதுவாக வேண்டும் என்றால் சர்க்கரையில் கால் பங்கை எடுத்துவிட்டு அதே எடைக்குக் குளுக்கோஸ் பொடி போடலாம். மருந்துக் கடையில் கிடைப்பதுதான். எலுமிச்சை, ஆரஞ்சுச் சுவை கலக்காத சாதாப் பொடியாகப் பார்த்து வாங்குங்கள். அதன் இனிப்பு சர்க்கரையைவிடக் குறைவு. உறைநிலையை இறக்குவதிலோ அதே எடைச் சர்க்கரையைவிட ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு வேலை செய்யும். பேக்கரிச் சாமான் கடைகளில் விற்கும் லிக்விட் குளுக்கோஸ் வேறு. அது உறைநிலையைப் பெரிதாக இறக்காது. பாகைக் கெட்டியாக்கி, பனித்துகள் பெரிதாக வளராமல் தடுக்கும். அதுவும் நல்லதே, ஆனால் கல்லாக இறுகுவதற்கு மருந்து பொடிதான்.

மது சேர்க்கும் வழக்கமுள்ள வீடுகளில் ஒரு மேசைக்கரண்டி ரம்மோ வோட்காவோ இதே வேலையைச் செய்யும். 750 கிராமுக்கு இரண்டு கரண்டியைத் தாண்டினால் அடுத்து வரும் கோளாறு வந்துவிடும்.

இன்னொன்று. அளவு சரியாக இருந்தாலும் மைனஸ் 18இல் ஓர் இரவு கிடந்த சோர்பெட் எடுத்தவுடன் இறுக்கமாகத்தான் இருக்கும். பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்பு ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவைத்துப் பாருங்கள். அப்போதும் கரண்டி இறங்கவில்லை என்றால்தான் கோளாறு.

இரவெல்லாம் வைத்தும் உறையவில்லை, கூழாக நிற்கிறது

இரண்டு காரணம் உண்டு. எது என்று தெரியாமல் திருத்தக் கூடாது. கடையில் வாங்கிய ஐஸ்கிரீம் ஒரு கப்பை அதே ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் அதுவும் விரல் அழுத்தத்துக்குக் குழைந்தால் குறை ஃப்ரீசரில். ஐஸ்கிரீம் கெட்டியாக இருந்து சோர்பெட் மட்டும் கூழாக இருந்தால் சர்க்கரை அதிகம், அல்லது மது அதிகம்.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேலறை பல வீடுகளில் மைனஸ் 10ஐத் தாண்டுவதில்லை. பனி தடிமனாகப் படிந்திருந்தால் அதைவிட மோசம். பனியை நீக்கி, குமிழை அதிகக் குளிருக்குத் திருப்பி, டப்பாவை அறையின் உலோகத் தரையைத் தொடும்படி வையுங்கள். நல்ல குளிர் அங்கேதான். அப்படியும் போதாது என்றால் சர்க்கரையை 24 சதவீதத்துக்கு இறக்கிக்கொள்ளலாம். மைனஸ் 18க்கு எழுதிய அளவு மைனஸ் 10இல் கூழாகத்தான் நிற்கும். சமையல் குறிப்பில் தவறில்லை, குளிர்தான் வேறு.

சர்க்கரை அதிகமானதைத் திருத்தத் தண்ணீர் விடுவது சுருக்கு வழி. 34 சதவீதத்தில் நிற்கும் 750 கிராமுக்கு 160 கிராம் தண்ணீர் விட்டால் 28க்கு வரும், ஆனால் பழச்சுவை நீர்த்துவிடும். கையில் பழம் இருந்தால் பழமே சேருங்கள். மாம்பழ விழுது 350 கிராம் வேண்டியிருக்கும். சோர்பெட் கூடுதலாகக் கிடைக்கும், நஷ்டமில்லை.

முட்டைச் சோதனை என்று ஒன்று உண்டு. கழுவித் துடைத்த பச்சை முட்டையை ஓட்டோடு கலவையில் மிதக்கவிட்டு, மேலே தெரியும் ஓட்டின் வட்டம் 5 ரூபாய் நாணய அளவுக்கு இருந்தால் சர்க்கரை சரி, பெரிதாகத் தெரிந்தால் அதிகம், முழுகினால் குறைவு என்பார்கள். அன்னாசி, தர்பூசணி, பாஷன் பழம் போன்ற சாறுகளுக்கு இதை நம்பலாம். மாம்பழம், பப்பாளி, கொய்யா விழுதில் நம்ப வேண்டாம். கெட்டி விழுது சர்க்கரை இல்லாமலே முட்டையைத் தாங்கிப் பிடிக்கும். முட்டை பழையதாக இருந்தாலும் எதிலும் மிதக்கும்.

வாயில் நறநறக்கிறது

நறநறப்பில் மூன்று வகை இருக்கிறது. ஒரு சிறு ஸ்பூன் எடுத்து நாக்கில் வைத்து, மெல்லாமல் அரை நிமிடம் உருகவிடுங்கள். நறநறப்பு உருகி மறைந்துவிட்டால் அது பனி. உருகிய பிறகும் மணல் மாதிரி நாக்கில் நின்றால் அது பழத்தின் சக்கை. பல்லில் கடிபட்டு இனித்தால் கரையாத சர்க்கரை.

சர்க்கரை என்றால் எளிது. நம் கடைகளில் கிடைக்கும் பெரும்பரல் சர்க்கரை, ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த குளிர்ந்த பழ விழுதில் லேசில் கரையாது. உருக்கி, வெதுவெதுப்பாகும் வரை மட்டும் சூடாக்கிக் கரைத்து, மறுபடி குளிரவையுங்கள்.

சக்கை என்றால் பெரும்பாலும் கொய்யா அல்லது சப்போட்டா. இந்தப் பழங்களின் சதையிலேயே மணல் போன்ற கடினமான கல்செல்கள் இருக்கின்றன. எவ்வளவு அரைத்தாலும் மசியாது. கொய்யாவைத் துண்டாக்கிச் சிறிது தண்ணீரில் ஐந்து நிமிடம் வேகவைத்து, மைய அரைத்து, நுண்கண் சல்லடையில் கரண்டியின் முதுகால் தேய்த்து வடிகட்டுங்கள். விதையும் கல்லும் மேலே தங்கும். வேகவைத்தால் கொய்யாவின் மணம் கெடாது. மாம்பழத்தோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம். நாரும் இந்த வகைதான். நார் அதிகமுள்ள நாட்டு மாம்பழத்தில் செய்தால் ஐஸ்கிரீம் மெஷினின் துடுப்பில் தும்பு தும்பாகச் சுற்றிக்கொள்ளும். மல்கோவா, இமாம்பசந்த், பங்கனப்பள்ளியில் இந்தத் தொல்லை குறைவு. பலாச்சுளை, அன்னாசி இரண்டையும் வடிகட்டாமல் விடவே கூடாது.

பனி நறநறப்புதான் அதிகம் வருவது. உறைவது எவ்வளவு மெதுவோ, பனிப்பரல் அவ்வளவு பெரிது. ஆகவே செய்ய வேண்டியதெல்லாம் உறைவதை வேகப்படுத்துவதும், உறையும்போது கிளறிக்கொண்டே இருப்பதும்தான். கலவையை வெதுவெதுப்பாக ஃப்ரீசரில் வைத்துவிட்டால் அந்த இரவின் குளிரெல்லாம் அதை ஆறவைப்பதிலேயே போய்விடும். முதலில் ஃப்ரிட்ஜில் நான்கு மணி நேரமாவது, முடிந்தால் இரவு முழுக்க, 4 டிகிரிக்குக் குளிரவையுங்கள். ஆழமான டப்பாவில் ஊற்றாமல் அகலமான எவர்சில்வர் தட்டில் 2 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றுங்கள். பிளாஸ்டிக்கைவிட எவர்சில்வரில் குளிர் சீக்கிரம் ஏறும்.

மெஷின் இல்லாதவர்கள் முக்கால் மணி நேரம் கழித்து ஓரத்தில் உறைந்ததை முள்கரண்டியால் சுரண்டி நடுவுக்குத் தள்ள வேண்டும். பிறகு அரைமணிக்கு ஒருமுறை, மூன்று நான்கு தடவை. இதைவிட நல்ல வழி, கலவையை ஐஸ் ட்ரேயில் கட்டிகளாக உறையவைத்து, மறுநாள் மிக்ஸியில் அரைப்பது. பெரிய பரல்கள் உடைந்து மாவாகிவிடும். அரைத்ததும் அகன்று உயரம் குறைந்த டப்பாவில் வழித்து உடனே ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். அரைத்த சோர்பெட் வெளியில் உருகித் திரும்ப உறைந்தால் நறநறப்பு திரும்பி வந்துவிடும்.

மேலே வெளுத்த பனி, அடியில் கெட்டிப் பாகு

கிளறாமல் உறையவைத்த தர்பூசணி, இளநீர், அன்னாசிச் சாற்றில் இது வரும். சக்கை குறைந்த சாறு என்பதால் பனியைப் பிடித்து வைக்க உள்ளே எதுவும் இல்லை. தண்ணீர் மேலேயும் ஓரத்திலும் உறைந்துகொண்டே வர, சர்க்கரையும் நிறமும் அடியில் இறங்கிவிடும்.

பிடிமானம் தர வேண்டும். ஒரு டீஸ்பூன் சோள மாவை அரை டம்ளர் சாற்றில் கரைத்துக் கண்ணாடி போல ஆகும் வரை காய்ச்சி, ஆறியதும் மொத்தத்தில் கலப்பது வீட்டு வழி. குவார் கம் (கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் கெட்டியாக்கும் பொடி) கிடைத்தால் 750 கிராமுக்கு ஒன்றரை கிராம் போதும், காய்ச்சவும் வேண்டாம். அதை நேராகச் சாற்றில் தூவினால் கட்டி கட்டியாகி எந்தக் கரண்டிக்கும் கரையாது. இரண்டு கைப்பிடி சர்க்கரையோடு உலர்வாகக் கலந்து, மிக்ஸி ஓடும்போது மேலிருந்து தூவுங்கள். இளநீருக்கு மாவும் வேண்டாம், கம்மும் வேண்டாம். வழுக்கையை அதே இளநீரில் மைய அரைத்துச் சேர்த்தால் அதுவே பிடித்துக்கொள்ளும், சுவையும் கூடும்.

ஜெலட்டின் போட்டும் பலனில்லை என்பவர்கள் பழத்தைப் பாருங்கள். வேகவைக்காத அன்னாசியிலும் பப்பாளியிலும் புரதத்தைக் கரைக்கும் நொதிகள் உண்டு. ஜெலட்டின் புரதம்தான், ஆகவே அதைத் தின்றுவிடும். பழத்தைக் கொதிக்கவைத்துப் பயன்படுத்தலாம், இல்லாவிட்டால் கடல்பாசியில் செய்யலாம். கடல்பாசி புரதமல்ல, இந்த நொதிகளால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

கொழகொழவென்று இழுக்கிறது

கம் அளவு கூடிவிட்டது. ஒன்றரை கிராமுக்குப் பதில் ஒரு டீஸ்பூன் தலைதட்டப் போட்டால் அது இரண்டு கிராமைத் தாண்டிவிடும். உருக்கி, அதே அளவு கம் போடாத கலவை செய்து சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கம் எதுவும் போடாமலே பப்பாளி விழுது ஃப்ரிட்ஜில் அல்வா பதத்துக்கு இறுகுவதும் உண்டு. பப்பாளியில் பெக்டின் என்ற நார்ப்பொருளும் இருக்கிறது, அதை இறுகவைக்கும் நொதியும் இருக்கிறது. அரைத்து வைத்தால் இரண்டும் சேர்ந்து வேலையைத் தொடங்கிவிடும். அரைத்த உடனே எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்துக் கடைந்துவிடுங்கள், இரவு வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் விழுதை ஒரு கொதி விட்டு ஆற்றுங்கள். ஏற்கெனவே இறுகியதை மிக்ஸியில் ஒரு சுற்று ஓட்டினால் தளர்ந்துவிடும்.

கசக்கிறது, துவர்க்கிறது

"கொஞ்சம் க்ரீமியாக இருக்கட்டும்" என்று வேகவைக்காத அன்னாசியிலோ பப்பாளியிலோ பால், கண்டென்ஸ்டு மில்க், தயிர் சேர்த்தீர்களா? ஜெலட்டினைத் தின்ற அதே நொதிகள் பால் புரதத்தையும் உடைக்கும். உடைந்த துண்டுகள் கசக்கும். செய்தவுடன் தெரியாது, ஒரு மணி நேரத்தில் ஏறிவிடும். இந்த ஒரு கோளாறுக்கு மட்டும் திருத்தமில்லை. பழத்தைக் கொதிக்கவைத்து ஆற்றிய பிறகு பால் சேர்ப்பதுதான் வழி. பாலின் மழமழப்பு மட்டும் வேண்டும் என்றால் கெட்டித் தேங்காய்ப் பால் சேருங்கள். அதில் புரதம் குறைவு, அன்னாசிக்கும் பொருத்தம்.

பால் சேர்க்காமலே கசந்தால் மிக்ஸியில் என்ன அரைபட்டது என்று பாருங்கள். எலுமிச்சை விதை, தோலுக்கடியில் உள்ள வெள்ளை, பப்பாளி விதை, பாஷன் பழ விதை எல்லாமே சந்தேகத்துக்குரியவை. பாஷன் பழக் கூழைப் பல்ஸில் இரண்டு மூன்று தட்டு மட்டும் தட்டினால் சாறு பிரியும், விதை உடையாது. தொடர்ந்து ஓட்டினால் கருந்துகளும் கசப்பும் கலந்துவிடும். துவர்ப்பு என்றால் சப்போட்டா முழுக்கப் பழுக்கவில்லை. சர்க்கரை கூட்டினால் அது போகாது, பழம் பழுக்கக் காத்திருக்க வேண்டும்.

கலவை தித்தித்தது, உறைந்தபின் சப்பென்று இருக்கிறது

இது கோளாறே அல்ல. குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும், மணமும் மட்டுப்படும். உறையாத கலவையைச் சுவைக்கும்போது "ஒரு பிடி அதிகம்" என்று படும் இனிப்புதான் உறைந்தபின் சரியாக நிற்கும். சர்க்கரைக் கணக்கு சரியாக இருந்தும் சப்பென்றால் குறைவது புளிப்பும் உப்பும். எலுமிச்சையை ஒரு டீஸ்பூன் வீதம் கூட்டிச் சுவைத்துப் பாருங்கள். 750 கிராமுக்கு ஒரு கிராம் உப்பு உப்பாகத் தெரியாது, பழத்தை எடுத்துக் காட்டும். மாம்பழ சோர்பெட்டுக்குத் தண்ணீரில் ஒரு பங்கைக் குறைத்து, பச்சை மாங்காயை வேகவைத்து மசித்த விழுது இரண்டு மேசைக்கரண்டி சேர்த்தால் எலுமிச்சையைவிட நன்றாக இருக்கும். மாம்பழத்தின் புளிப்பு மாங்காயிலிருந்தே வருவதுதான் பொருத்தம்.

பழமே சப்பென்று இருந்தால் எந்தத் திருத்தமும் காப்பாற்றாது. வாசனையில்லாத பழத்தில் வாசனையுள்ள சோர்பெட் வராது. சீசனில் நல்ல பழம் மலிவாக வரும்போது விழுதாக்கி, எடை எழுதி உறையவைத்துக்கொள்ளுங்கள்.

நிறம் மங்கிவிட்டது

வாழைப்பழம், சீதாப்பழம் என்றால் வெட்டியதும் காற்றுப்பட்டுக் கறுக்கும். எலுமிச்சைச் சாற்றை முதலிலேயே மிக்ஸியில் ஊற்றிவிட்டு, பழத்தை உரித்த கையோடு அதில் போடுங்கள். கடைசியில் சேர்த்தால் பயனில்லை. மாம்பழமும் தர்பூசணியும் வெளுப்பது வேறு காரணத்தால். மிக்ஸியிலோ மெஷினிலோ காற்று புகுந்து நுரைத்திருக்கும். சுவை குறையாது, விட்டுவிடலாம்.

மிக்ஸி நின்றுவிட்டது, மெஷின் சுற்றவில்லை

உறைந்த கட்டிகளை ஜாடி நிறையப் போட்டு ஓட்டினால் பாரம் தாங்காமல் மிக்ஸி தானே நின்றுவிடும். பிளக்கைப் பிடுங்கி, கால் மணி நேரம் ஆறவிட்டு, அடிப்பக்கம் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். பெரும்பாலான மிக்ஸிகளில் அது உண்டு. அடுத்த முறை கட்டிகளை ஐந்து நிமிடம் வெளியில் வைத்து ஓரம் தளர்ந்தபின் கால் ஜாடி மட்டும் போட்டு, பல்ஸில் விட்டு விட்டு ஓட்டுங்கள். நடுவே கத்தி வெற்றாகச் சுழன்றால் திறந்து கிளறுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். ஊற்றினால் நிறுத்துப் போட்ட கணக்கு போயிற்று.

உறையவைக்கும் கிண்ணமுள்ள ஐஸ்கிரீம் மெஷின் என்றால், கிண்ணம் மைனஸ் 18இல் 24 மணி நேரம் இருந்திருக்க வேண்டும். எடுத்து ஆட்டிப் பாருங்கள், உள்ளே தளும்பும் சத்தம் கேட்டால் தயாராகவில்லை. துடுப்பைச் சுற்றவிட்ட பிறகே கலவையை ஊற்ற வேண்டும். ஊற்றிவிட்டு ஓடவிட்டால் சுவரில் பனி பிடித்துத் துடுப்பை நிறுத்திவிடும். 20, 30 நிமிடத்தில் சாஃப்டி ஐஸ்கிரீம் பதம் வரும், அங்கே நிறுத்துங்கள். முழுக்க இறுகும் வரை சுற்றவைத்தால் மோட்டாருக்குத்தான் கேடு. மீதி இறுகல் ஃப்ரீசரில் நான்கு மணி நேரத்தில் நடக்கும்.

ஃப்ரீசரே சரியில்லாதவர்களுக்கு வாளியும் உப்பும் இருக்கிறது. உடைத்த ஐஸ் மூன்று பங்கு, கல் உப்பு ஒரு பங்கு, எடையில். மைனஸ் 20ஐ நெருங்கிவிடும். பல வீட்டு ஃப்ரீசரைவிட நல்ல குளிர். நடுவில் மூடியுள்ள எவர்சில்வர் தூக்கைப் புதைத்து, பாதியளவு கலவை ஊற்றி, தூக்கைத் திருப்பிக்கொண்டே இருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுவரைச் சுரண்டுங்கள். திறக்கும் முன் மூடியையும் கழுத்தையும் துணியால் துடைக்க வேண்டும். சோர்பெட் உப்புக் கரித்தால் அங்கே வழிந்த தண்ணீர்தான் காரணம். ஐஸ் மட்டம் எப்போதும் மூடிக்கு இரண்டு விரல் கீழே இருக்கட்டும்.

முதல் நாள் அருமை, நாலாம் நாள் பனி படர்ந்து நறநறக்கிறது

மின்சாரம் போய் வரும்போதும் ஃப்ரீசரைத் திறந்து மூடும்போதும் சின்னப் பரல்கள் உருகும். திரும்ப உறையும்போது அந்தத் தண்ணீர் பெரிய பரலில் போய் ஒட்டிக்கொள்ளும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜில் பனியை நீக்க அறை அவ்வப்போது தானே சற்றுச் சூடாகும், அங்கேயும் இதேதான். டப்பாவில் காலி இடம் விடாமல் நிரப்பி, பட்டர் பேப்பரை சோர்பெட்டின் முகத்தோடு ஒட்டி அழுத்தி, அதன் மேல் மூடி போடுங்கள். கதவோரத்தில் வைக்காமல் உள்ளே தள்ளிவையுங்கள். ஒரு பெரிய டப்பாவுக்குப் பதில் இரண்டு சிறிய டப்பா என்றால் ஒன்றைத் திறக்கும்போது மற்றது அசையாமல் இருக்கும். இரண்டு வாரத்துக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது. அதற்குள் நறநறத்துவிட்டால் கட்டி கட்டியாக வெட்டி மிக்ஸியில் ஒரு சுற்று ஓட்டி உடனே பரிமாறுங்கள். மறுபடி ஃப்ரீசரில் வைக்கப் போகிறீர்கள் என்றால் முழுக்க உருக்கிக் குளிரவைத்து முதலிலிருந்து கடைவதுதான் சரி.